சுற்றிப் போனால் சீக்கிரம்

கோவை வாசகர் ஒருவர் சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறாராம். தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்துப் பார்த்தால், டிக்கெட்டில் உள்ள நேரம் வரவில்லை. போகும் நேரமும் திரும்பும் நேரமும்கூட வேறு வேறு. பூமி சுழல்வதாலா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

நேரடியாக அதனால் அல்ல. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும்தான் சுழல்கிறது.

தில்லிக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே உருண்டையின் மேல் நூல் பிடித்தால் சுமார் 12,400 கிலோமீட்டர். ஏர் இந்தியா விமானம் அட்லாண்டிக் வழியாக ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பி, பசிபிக் வழியாக 15,300 கிலோமீட்டர் பறக்கவிட்டார்கள். தூரம் கூடியது, நேரமோ ஏறத்தாழ 2 மணி குறைந்து, பதினாலரை மணியில் போய் இறங்கியது.

உயரே 9 முதல் 12 கிலோமீட்டரில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் செய்த உதவி அது. வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடு அந்தக் காற்றை ஓட்டுகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்புகிறது. ஆடிப் பெருக்கில் காவிரியில் நீந்திப் பழகியவன் நான். ஓட்டத்தோடு போனால் கரை மரங்கள் விறுவிறுவென்று பின்னே போகும். எதிர்த்தால், அதே கை வீச்சுக்கு ஒரே மரம் பக்கத்திலேயே நிற்கும். விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது. காற்றே 200 கிலோமீட்டர் வேகத்தில் உடன் ஓடினால் தரைக்கணக்கில் 1,100.

இந்தக் காற்றை அளந்தவரின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானில் ததேனோ என்ற இடத்து வானிலை ஆய்வகத்தின் இயக்குநர் வசாபுரோ ஓய்ஷி. பலூனைப் பறக்கவிட்டு, தியோடலைட் கருவியால் அது நகரும் கோணத்தை இடைவிடாமல் குறித்துக்கொண்டே இருந்தார். 1924-இன் குளிர்காலத்தில், சுமார் 9 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 70 மீட்டர் அளவிலான வேகம் தெரிந்தது. மணிக்கு 250 கிலோமீட்டர்! உலகம் முழுதும் படிக்கட்டும் என்று 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். ஏறக்குறைய யாருமே கவனிக்கவில்லை.

1944 நவம்பரில் தோக்கியோவுக்கு மேலே பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறின. பதினெட்டு ஆண்டுகளாக அச்சில் இருந்த செய்தி அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

இன்றும் உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்களில் பெரும்பாலும் தினம் இருவேளை பலூன் ஏறுகிறது. செயற்கைக்கோள் வந்த பிறகு இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். காற்றுக்குள்ளேயே போய் வெப்பம், ஈரம், வேகம் மூன்றையும் படிப்படியாக அளந்து சொல்ல பலூனுக்கு ஈடு இல்லை. அப்படியிருந்தும் 2025-இல் அமெரிக்காவில் ஆள் குறைந்ததால் பல நிலையங்களில் பலூன் விடுவதைக் குறைத்தார்கள். எனக்கு இது பெரிய தவறாகப் படுகிறது. பயண நேரம், எரிபொருள், புயல் எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் இந்த அளவுகள்தான் அடிப்படை. அளப்பவரின் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் நாடு, அதைப்போலப் பல மடங்கை வேறு இடத்தில் இழக்கும்.