பச்சைக் கோலத்தின் உரிமை

பேச்சிப்பாறை அணைக்கட்டைக் காண விடுமுறை நாட்களில் வந்து குழுமும் நகர இளைஞர் பலருடைய புஜங்களில், முள்ளும் கொடியுமாக வளைந்து நெளியும் கரிய சித்திரமொன்று பதிந்திருக்கக் காண்கிறோம். அதற்குப் பெயர் என்னவென்று வினவினால் 'டிரைபல்' என்கிறார்கள். அதாவது மலைவாசிகளின் கோலமாம். எந்த மலை, எந்தக் குலத்தார் என்று மேலும் கேட்டால் விடையில்லை. அணைக்கு அப்பால் கோதையாற்றுக் காடுகளில் காணிகள் என்னும் ஆதிகுடிகள் தலைமுறை தலைமுறையாக வசிக்கின்றனர். மூட்டுக்காணியின் தலைமையும், பிலாத்தியின் மந்திரப் பாட்டும், கொக்கரை என்ற இரும்பு வாத்தியமும் அவர்களுக்கு உண்டு. இந்த முள்வளைவு அவர்களுடையதன்று. போர்னியோவிலும் பசிபிக் தீவுகளிலும் பிறந்த கோலங்களை 1980-க்குப் பிறகு அமெரிக்கப் பச்சைக்காரர்கள் தம் மனம்போல் மாற்றி, ஊர்ப் பெயரை உதிர்த்துவிட்டுச் சந்தைக்கு அனுப்பிய சரக்கு அது.

இக்கலை எத்துணைப் பழமையானது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதனின் சடலம் அகப்பட்டது. அதன்மீது எண்ணப்பட்ட பச்சைக் குறிகள் 61. அவற்றுள் பெரும்பாலானவை வெறும் கோடுகள்; முதுகின் கீழ்ப்புறம், முழங்கால், கணுக்கால் என்று நோவு கண்ட இடங்களிலே இருந்தன. ஆகவே அழகுக்கு முன்னரே வைத்தியம் அங்கு ஊசி பிடித்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

நம் நாட்டில் அந்த ஊசியைப் பிடித்தவள் குறத்தி. ஊர் ஊராகச் சென்று, வலி தெரியாதிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே, நாலைந்து தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவாள். அவள் மை கூட்டும் முறையைச் சென்னைக் காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். அகத்திக் கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பார்களாம். கீரையும் மஞ்சளும் எண்ணெயும் பாலும்! அடுக்களைச் சாமான்களைக் கொண்டே ஆயுள் முழுதும் அழியாத எழுத்தைச் செய்துவிட்டாள். அவள் குத்திய கோலமோ வாசலில் நம் பெண்டிர் இடும் புள்ளிக் கோலமேயாகும். இந்த ஒற்றுமையைக் கண்டு ஜான் லேயார்டு என்ற ஆங்கிலேயர் 1937-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தென்கடலில் மலேகுலா என்ற தீவினர் மணலில் இத்தகைய முடிவிலாக் கோடுகளை வரைகின்றனர். செத்தவனின் ஆவி மறுமைக்குச் செல்லும் வழியில் ஒரு பூதம் இக்கோலத்தின் பாதியை அழித்துவிடும் என்றும், மீதியை வரையத் தெரிந்த ஆவியே அதைத் தாண்டிச் செல்லும் என்றும் அவர்கள் நம்புகின்றனர். திருடனால் பறிக்க முடியாத நகை, சாவுக்குப் பின்னும் உடன் வரும் நகை என்று நம் பெரியம்மாக்களும் பச்சையைக் கருதினர். ஏழைப் பெண்ணொருத்தியை அக்கோலம் ஏன் கவர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் அதே ஊசியை அந்நிய ஆட்சி எதற்கு உபயோகித்தது? கம்பெனியார் 1797-ல் வங்காளத்தில் சட்டம் செய்து, ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தச் செய்தனர். சென்னை ராஜதானிக்கும் அது பரவிற்று, 1849-ல்தான் ஒழிந்தது. பிறகு 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-ல் அது சென்னைக்கு நீட்டப்பெற்றபோது, குறவர் குலத்தின் பல பிரிவுகள் அதன் கீழ்க் கொணரப்பட்டன. பிறர் மேனியில் கோலம் எழுதிய கைகள் போலீஸ் ஏட்டில் ரேகை பதிக்க நேர்ந்தது. சென்னையில் 1947-லும் தேசமெங்கும் 1952-லும் அச்சட்டம் ரத்தானது. எனினும் குறத்தியை வாசலோடு நிறுத்திய நம்மவர் மனோபாவத்தைச் சட்டமா உண்டாக்கிற்று? அப்பாவம் நம்முடையதே. பாட்டியின் கைப்பச்சையை நாகரிகமின்மை என்று மறைக்கச் சொன்ன பேரன், இன்று ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போர்னியோக் கோலத்தைக் குத்திக்கொள்கிறான்.

சட்டம் பயின்றவர்களுக்கு ஒரு வழக்கு நினைவில் இருக்கும். குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் முகத்தில் 2003-ல் பச்சை குத்தியவர், அதே சித்திரத்தை ஒரு திரைப்படத்தில் உபயோகித்ததற்காக 2011-ல் வழக்குத் தொடுத்தார், சமரசமாக முடிந்தது. அக்கோலத்தின் பாணி நியூஜிலாந்து மாவோரிகளுடையது. அவர்களோ வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர்! தனி மனிதனின் கைவேலையைச் சொத்தென்று அறியும் சட்டம், ஒரு குலத்தின் கைவேலையை அறியவில்லை.

இது தீராத சிக்கல் என்பாருக்கு, காணிகளின் கதையே பதில். 1987-ல் அகத்தியர் மலையில் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிச் சென்ற காணிகள், ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடந்தனர். அச்செடிக்கு 'ஆரோக்கியப் பச்சை' என்று பெயர் வாய்த்தது. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. 1995-ல் அதன் தயாரிப்புரிமை பத்து லட்ச ரூபாய்க்கு வழங்கப்பட்டபோது, பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று; 1997-ல் கேரளக் காணிகளுக்காக ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. 1956-ல் வகுத்த எல்லைக்கோடு அந்த மலைக்காட்டின் ஊடே செல்கிறது. இப்பாலுள்ள பேச்சிப்பாறைக் காணிகளும் அதே குலத்தினரே. நீலகிரித் தோடர்களின் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் தைத்த கோலத்துக்குக் காவலுண்டு. அதே தோடப் பெண்டிர் மேனியில் குத்திய புள்ளி வட்டங்களுக்கு இல்லை.

ஆகவே நாம் சர்க்காரிடம் கோருவது சிறிது. தர்ஸ்டன் தலைமை வகித்த எழும்பூர்க் காட்சிசாலையே இவ்வேலையை ஏற்கட்டும். இன்னும் உயிரோடிருக்கும் கிழவிகளின் கைகளிலுள்ள கோலங்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஊரும் குலமும் குறித்து வரைந்து வைக்க வேண்டும். குறக்குலத்துப் பெண்களையே சம்பளம் கொடுத்து அதற்கு ஆசிரியராக்க வேண்டும். அக்கோலத்தை விற்றுப் பிழைக்கும் கடைகள் அக்குலத்தாருக்கு ஒரு பங்கு செலுத்தும் வழியை, ஜீவனிக்குக் கண்டதுபோல, இதற்கும் காண வேண்டும்.