குளிர்நாட்டு வெள்ளை வைனும் நமது முந்திரிகைப் பந்தரும்

நெல்லும் கத்தரியும் மிளகாயும் விளைவிக்கும் அமிர்தகழிக் கமக்காரரே, முந்திரிகை, அதாவது திராட்சை, நட்டு வெள்ளை வைன் வடித்தால் நல்ல விலை கிடைக்குமே என்னும் எண்ணம் உங்களுக்குத் தோன்றலாம். பந்தருக்குக் கம்பும் கம்பியும் வாங்குமுன் இதனைப் படித்தல் நன்று.

ஜேர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் விளையும் றீஸ்லிங் என்னும் பழத்திலிருந்து வடிக்கும் வெள்ளை வைன் உலகப் பெயர் பெற்றது. அதிற் புளிப்பு முன்னிற்கும். பூவும் பச்சை அப்பிளும் போன்ற மணம் வீசும். இக்குணங்களைக் காப்பது இராக் குளிரே. பழத்தின் புளிப்பில் ஒரு பங்கு, அப்பிளிலும் உள்ள மாலிக்கமிலமாகும். பழம் முற்றும்போது அது சுவாசத்திற் செலவாகிக் குறையும். வெப்பம் மிகுந்தால் விரைந்து குறையும். மோசலிற் பழம் முற்றும் ஒக்டோபரில் இரவு வெப்பம் 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குதலால், இனிப்பு ஏறியும் புளிப்பு நிற்கின்றது. அங்கே கோடைப் பகலும் சுமார் 16 மணி நேரம் நீளும். நுவரெலியாவிற் குளிர் உண்டேயெனின், அங்கு மழையும் மூடுபனியும் மிகுதி. நீண்ட பகலும் இல்லை. இந்தியாவின் நாசிக்கில் வெள்ளை வைன் செய்கின்றனர். ஆனால் அது சுமார் 600 மீற்றர் உயரமுள்ள நிலம், அங்கே பழம் முற்றுவதும் குளிர்கால இரவுகளிலேயே.

நமது வாவிக்கரையிலோ இரவிலும் 23, 24 பாகை அளவில் வெப்பம் நிற்கும். அப்பழத்தின் சாறு சப்பென்றிருக்கும், எளிதிற் பழுதுபடும். அன்றியும், அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் வடித்தல் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும்.

எனினும் முந்திரிகையை அறவே கைவிட வேண்டியதில்லை. உண்ணும் பழத்திற்கு இனிப்பே முதன்மை. அதற்கு நமது வெப்பம் தடையன்று. யாழ்ப்பாணத்தில் இஸ்ரேல் புளூ என்னும் கறுப்பினம் பந்தரிற் பயிராகின்றது. முதலில் வளவில் நான்கு கொடிகள் மாத்திரம் நட்டுப் பாருங்கள்.

குளிர்நாட்டிற் கொடி மாரியில் இலையுதிர்த்து உறங்கும். இங்கே அவ்வுறக்கம் இல்லை. கத்தரித்தலே அதற்கு ஈடு. வாடை மழை ஓய்ந்தபின் மாசி தொடக்கத்திற் கத்தரித்தால் சுமார் நான்கு மாதத்திற் பழம் பறிக்கலாம். ஆனியில் மீண்டும் கத்தரித்தால் அடுத்த மாரிக்கு முன் இரண்டாம் அறுவடை கிடைக்கும். கச்சான் காற்று நேரே வீசும் பக்கத்திற் கிடுகு மறைப்பு அவசியம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது துரவு நீர். வாவியின் உவர் கலந்து மிளகாய் இலையின் ஓரம் கருகும் நீர் முந்திரிகைக்கும் ஆகாது. அத்தகைய துரவுடையோர் இம்முயற்சியில் இறங்கிப் பணத்தை இழக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் இலையின் அடிப்புறத்தில் வெண்பூஞ்சணம் கண்டால், 100 கிராம் மயில்துத்தமும் 100 கிராம் சுண்ணாம்பும் தனித்தனியே நீரிற் கரைத்து, பின் ஒன்றாக்கி 10 லீற்றர் ஆக்கித் தெளிக்கவும். இரும்புப் பாத்திரம் ஆகாது. இது பிரான்சு நாட்டு வைன் தோட்டங்களிற் பிறந்த போர்டோக் கலவையாகும். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க வீதியோரக் கொடிகளிற் பூசிய நீலக் கலவை நோயையும் தடுத்ததைக் கண்டே 1885 இல் அதனை உலகறியச் செய்தனர்.