கேமரா அணைந்த வகுப்பில் யாருக்குத் திருப்தி?

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தில் இப்போது யாரும் விலை கூவுவதில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்தபடி விலையை ஏற்றுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு லாட்டின் மாதிரிக் காயும் முதலில் அவர்கள் கைக்கு வந்துவிடும். நிறத்தையும் பருமனையும் பார்த்த பிறகுதான் திரைக்குப் போகிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டு, தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் பி.காம்., பி.பி.ஏ. வகுப்புகள் கைபேசிக்குள் போனபோது, மாணவர்களுக்குத் திரை மட்டும்தான் வந்தது. கையில் எடுத்துப் பார்க்க எதுவும் இல்லை.

திரையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜி.பி. டேட்டா கார்டு தந்தது தமிழக அரசு. நல்ல உதவி. ஆனால் மலையடிவார ஊர்களில் டேட்டா இருந்தாலும் சிக்னல் இருக்க வேண்டுமே!

இருந்தும் பதிவு செய்த பாடத்துக்கு இங்கே ஒரு தனி மதிப்பு உண்டு. இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பலர் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். வீட்டு வேலையோ கடை வேலையோ பிள்ளைகள் தலையில் விழும். அப்படிப்பட்டவர்களுக்கு இரவு பத்து மணிக்கு நிறுத்தி நிறுத்திக் கேட்கக் கிடைக்கும் பாடம் பெரிய வசதி. சந்தையியல், மேலாண்மைக் கோட்பாடு போன்ற தாள்களுக்கு அது போதும் என்றே சொல்லலாம்.

கணக்குப் பதிவியலுக்குப் போதாது. இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால், தவறு பேரேட்டில் எடுத்தெழுதியதில் இருக்கலாம், கூட்டலில் இருக்கலாம், பற்று வரவை மாற்றிப் போட்டதிலும் இருக்கலாம். வகுப்பில் ஆசிரியர் பெஞ்சுகளுக்கிடையே நடந்துபோகும்போதே நோட்டை எட்டிப் பார்த்து, அந்த வரியில் விரலை வைத்துவிடுவார். கேமரா அணைந்த கறுப்புக் கட்டத்தில் எந்த நோட்டை எட்டிப் பார்ப்பது? மாணவர் விடையைப் பார்த்து எழுதிவிட்டு 'புரிந்தது' என்று தட்டிவிடுகிறார். ஆசிரியருக்குத் தேர்வுத்தாளில்தான் உண்மை தெரிகிறது.

ஆசிரியரின் மனக்குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். இணையவழியில் கற்பிப்போரின் திருப்தியைப் பற்றி அமெரிக்காவில் போலிகர், வாசிலிக் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர், ஆசிரியர், நிறுவனம் சார்ந்த காரணங்களை அலசினார்கள். மாணவர் சார்ந்தவையே முதன்மையாக நின்றன. நம் கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு, மாணவர் திருப்தியை அறியத் தனி ஆய்வே நடத்துகிறது. ஆசிரியர் திருப்திக்கு அப்படியொரு தனி ஆய்வு இல்லை.

மாணவர் தரும் மதிப்பெண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இது: தாங்களே முயன்று கணக்குப் போட்ட மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள், சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக நம்பினார்கள். அழகாக எடுத்த வீடியோ பாடத்துக்கு ஐந்து நட்சத்திரம் விழுவதில் வியப்பில்லை.

கொரோனா போனாலும் இணையவழிக் கல்வி போகவில்லை. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் மேலாண்மைப் பாடங்களை ஒருங்கிணைப்பது பெங்களூரு ஐ.ஐ.எம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை இந்தத் தளத்தில் படித்து மதிப்புப் புள்ளி (கிரெடிட்) பெறலாம் என்று 2021-இல் யு.ஜி.சி. விதி வகுத்தது. பாடம் இலவசம், சான்றிதழுக்குக் கட்டணம் கட்டி, தேர்வு மையத்தில் நேரில் எழுத வேண்டும். உத்தமபாளையத்தில் படிக்கும் மாணவர் ஐ.ஐ.எம். பேராசிரியரின் வகுப்பைக் கேட்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்த ஆங்கிலமும், அதில் வரும் பன்னாட்டு நிறுவன உதாரணங்களும் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவரை முதல் வாரத்திலேயே மிரட்டிவிடுகின்றன.

உதாரணம் உள்ளூரிலேயே இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சீக்கிரம் கெட்டுப்போகும் பழம், பறித்த அன்றே விலை பேசியாக வேண்டிய விவசாயி, வெளியூர்ச் சந்தைக்கு லாரி வாடகை, குறியீடு கிடைத்தபின் விலை கூடியதா என்ற கேள்வி: சந்தையியலுக்கு இதைவிட நல்ல பாடம் வேறெங்கே கிடைக்கும்? காணொலியை வீட்டில் பார்த்துவிட்டு, வகுப்பு நேரத்தில் தோட்டத்துக்கும் மண்டிக்கும் போய்க் கணக்கெடுத்து வரச் சொல்லலாம்.

அப்படியொரு பாடத்தைத் தமிழில் தயாரிக்க உள்ளூர் ஆசிரியரால் முடியும். விவசாயியிடம் பேச வேண்டும், படம் பிடிக்க வேண்டும், ஐம்பது நோட்டுகளைத் திருத்த வேண்டும். சுயநிதிப் பிரிவில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் இதையெல்லாம் ராத்திரியில், சொந்த டேட்டாவில் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்த நேரத்தை வேலைநேரமாகக் கணக்கில் எடுக்கவும் அதற்குப் பணம் தரவும் கல்லூரி நிர்வாகங்கள் முதலில் சம்மதிக்கட்டும்.