மார்கழி விடியலும் மழலைச் செல்வங்களும்

மாதங்கள் பன்னிரண்டனுள் மார்கழிக்குத் தனிச்சிறப்பு உண்டு. மாதங்களுள் தாம் மார்கழியாக விளங்குவதாகக் கண்ணபிரான் பகவத்கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் அருளுகின்றார். மானிடர்க்கு ஓராண்டு என்பது தேவர்க்கு ஒரு நாள். தை முதல் ஆனி வரை அவர்களுக்குப் பகல்; ஆடி முதல் மார்கழி வரை இரவு. அவ்விரவின் கடைப்பகுதியாகிய வைகறைப் பொழுதே மார்கழி என்பது ஆன்றோர் வழக்கு.

இப்பெருமைகள் நாம் அனைவரும் கேட்டறிந்தவையே. ஆயினும் ஓர் உண்மையை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். மார்கழி வழிபாடு முதியோர்க்கென்று மட்டும் ஏற்பட்டதன்று. சிறுமியரின் ஆடலோடும் பாடலோடும் சேர்ந்தே வளர்ந்தது. "இந்தக் குளிரில் பிள்ளைகளை எழுப்ப வேண்டுமா? அவர்களுக்கு என்ன விளங்கப் போகிறது?" என்று தயங்கும் பெற்றோர் பலர். அவர்களுக்கு நம் முன்னோர் விட்டுச் சென்ற விடை, இம்மாதத்து வழிபாட்டிலேயே விளையாட்டாக மறைந்திருக்கின்றது.

தாயரின் அருகில் நின்ற கன்னியர்

சங்க இலக்கியமாகிய பரிபாடலில் பதினோராம் பாடல் வையை ஆற்றைப் பற்றியது, நல்லந்துவனார் இயற்றியது. பனி மிக்க பருவத்தில், திருவாதிரை நாளையொட்டி இளங்கன்னியர் விடியற்காலையில் வையையில் நீராடிய செய்தியை அதில் காணலாம். அந்நீராட்டு 'அம்பா ஆடல்' எனப்பட்டது. முதிய மகளிர் நோன்பின் முறைமைகளைக் காட்ட, தம் தாயரின் அருகில் நின்று கன்னியர் நீராடினர். நிலம் வெப்பமுறாது குளிர்க என்பது அவர்களுடைய வேண்டுதலாக இருந்தது.

இதில் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அக்கன்னியர்க்கு எவரும் ஏட்டை விரித்து நோன்பைக் கற்பிக்கவில்லை. மூத்தோர் செய்து காட்டினர், தாயர் அருகிருந்தனர், சிறியோர் நீரில் ஆடியபடியே கற்றனர். மூன்று தலைமுறையும் ஒரே துறையில் நின்றமையால்தான் அம்மரபு பிற்காலத்தில் பாவை நோன்பாகத் தழைத்தது.

எண்ணிப் பார்க்க அழைக்கும் பாடல்கள்

ஆண்டாள் நாச்சியார் அருளிய திருப்பாவை முப்பது பாசுரங்களை உடையது. மாணிக்கவாசகப் பெருமான் திருவண்ணாமலையில் அருளிய திருவெம்பாவை இருபது பாடல்களைக் கொண்டது. அதனோடு அவர் திருப்பெருந்துறையில் பாடிய திருப்பள்ளியெழுச்சியின் பத்துப் பாடல்களையும் சேர்த்து, சிவாலயங்களில் மார்கழி முழுவதும் ஓதுகின்றனர். திருமலையில் நாள்தோறும் ஒலிக்கும் சுப்ரபாதத்திற்கு மாற்றாக இம்மாதத்தில் திருப்பாவையே ஓதப்பெறுகின்றது.

இவ்விரு நூல்களிலும் தோழியர் வீடுவீடாகச் சென்று உறங்குகின்றவளை எழுப்புகின்றனர். திருப்பாவையில் ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை இவ்வாறே அமைந்துள்ளது. எழுப்பும் முறையோ பரிகாசமும் செல்லச் சண்டையும் நிறைந்தது. பதினைந்தாம் பாசுரத்தில் உள்ளே இருப்பவள், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று கேட்கிறாள். வெளியே நிற்பவர்கள், நீயே வந்து எண்ணிக்கொள் என்கின்றனர். திருவெம்பாவையின் நான்காம் பாடலிலும் இதே உரையாடல் நிகழ்கின்றது. ஆளை எண்ணிச் சொல்லச் சொல்பவளிடம், நீயே எழுந்து வந்து எண்ணிப் பார், குறைந்தால் மீண்டும் போய் உறங்கு என்று தோழியர் நகையாடுகின்றனர்.

இத்தகைய கேலிப் பேச்சினை நம் வீட்டுப் பிள்ளைகளும் போர்வைக்குள் இருந்தபடி நாள்தோறும் பேசுகின்றனர் அன்றோ? பாசுரத்தின் உட்பொருளைப் பெரியவர்களாகும்போது அவர்கள் உணர்வர். இப்பொழுது, "ஆண்டாளின் தோழியும் உன்னைப் போலத்தான் எழுந்திருக்க மறுத்தாள்" என்று சொன்னாலே போதும். குழந்தை சிரித்துக்கொண்டே எழும். மேலும், அதே பாசுரத்தில் வாதாடிய பெண் இறுதியில் பிழை தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று இசைகிறாள். உடன்பிறந்தாரோடு பிணங்கும் பிள்ளைகளுக்கு இதனினும் இனிய பாடம் வேறில்லை.

வாயிலில் ஒரு கோலம்

ஓர் இல்லத்தில் கண்ட காட்சியை ஈண்டுக் குறிப்பிடுவது பொருந்தும். அவ்வீட்டில் மார்கழி தோறும் வாயில் நிறையக் கோலமிட்டு வந்தவர் பாட்டியார். ஒரு மார்கழியில் முழங்கால் வலியால் அவரால் குனிய இயலாது போயிற்று. மருமகளுக்கு அலுவலகம் செல்லும் அவசரம். வாயிலில் தண்ணீர் தெளிப்பதோடு சில நாள்கள் கழிந்தன. ஒருநாள் காலையில் ஆறு வயதுப் பேத்தி மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தானே வாயிலுக்குச் சென்றுவிட்டாள். அவள் வைத்த புள்ளிகள் கோணலாயின. மாவு பாதி தரையிலும் பாதி பாவாடையிலும் சிந்திற்று. தேடிவந்த தாயார் கடிந்துகொள்ள வாயெடுத்தவர், அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் அருகில் அமர்ந்து இழையை இழுத்து முடித்துக் கொடுத்தார். திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டியார், "ஒரு புள்ளி குறைகிறதடி கண்ணே, எண்ணிப் பார்" என்றார். அன்று முதல் புள்ளி வைப்பது பேத்தியின் பணி, இழை இழுப்பது தாயின் பணி, எண்ணிச் சொல்வது பாட்டியாரின் பணி என்றாயிற்று.

அன்று அக்குழந்தை கிண்ணத்தை எடுக்காதிருந்தால், அல்லது தாயார் கடிந்து உள்ளே அனுப்பியிருந்தால், அவ்வீட்டின் கோலம் பாட்டியாரோடு நின்று போயிருக்கும். ஒரு வழக்கம் அற்றுப்போக நெடுங்காலம் வேண்டுவதில்லை. கற்பிக்க வல்லவர் அருகில் இருக்கும்போது கற்பார் இல்லாமற் போனால் ஒரு தலைமுறையே போதும்.

குழந்தைகளுக்கு முதலில் மூன்று வரிசையில் மூன்று மூன்று புள்ளிகள் வைக்கும் சிறு கோலத்தைக் கற்பிக்கலாம். பின்னர் ஐந்தில் தொடங்கி ஒன்றில் முடியும் ஊடுபுள்ளிக் கோலத்திற்குச் செல்லலாம். பச்சரிசி மாவினால் இட்டால் எறும்பும் குருவியும் உண்ணும். தாம் இட்ட கோலத்தை எறும்பு சுமந்து செல்வதைக் குழந்தைகள் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பர். பிற உயிர்க்கு ஈதல் என்னும் அறம் அங்கே சொல்லாமலே விளங்கும்.

சாணப் பிள்ளையாரும் சிறுவீடும்

கோலத்தின் நடுவில் பசுஞ்சாணத்தைப் பிடித்து வைத்து, அதில் பூசணிப்பூவோ பறங்கிப்பூவோ செருகுவது வழக்கம். பூப்பறித்து வரும் பணியைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். திருநெல்வேலிச் சீமையில் இப்பூக்களோடு கூடிய சாணத்தைத் தட்டிக் காயவைத்துச் சேர்த்து வைப்பர். பொங்கலுக்குப் பின் சிறுமியர்க்கென முற்றத்தில் களிமண்ணால் சிறுவீடு கட்டி, சிறு பானையில் பொங்கலிட்டு, சேர்த்துவைத்த எருவை ஆற்றில் விடுவர். இது சிறுவீட்டுப் பொங்கல் எனப்படும். மணலில் சிற்றில் கட்டி விளையாடும் சிறுமியர், அதனைச் சிதைக்க வேண்டா என்று கண்ணனிடம் வேண்டுவதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகமே பாடியுள்ளார். குழந்தைகள் கட்டும் வீட்டைப் பெரியோர் மதிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆட்டமும் அமுதும்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகக் குடும்பத்தார் கூடிப் பரமபத சோபானம் ஆடுவதுண்டு. பழைய படங்களில் பாம்புகளுக்கு அசுரர் பெயர்களும் ஏணிகளுக்கு நற்குணங்களின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கும். வெற்றியின் அருகில் சென்றும் பாம்பின் வாய்ப்பட்டு இறங்கும் குழந்தை முதலில் அழும். பின்னர் மீண்டும் தாயக்கட்டையை உருட்டும். வீழ்ந்தவர் மீண்டும் ஏறலாம் என்பதை அவ்வாட்டம் கற்பிக்கின்றது.

திருவாதிரை நாளில் களியும் ஏழுகறிக் கூட்டும் சமைத்துப் படைப்பர். எளிய அடியாராகிய சேந்தனார் அன்போடு படைத்த களியைத் தில்லைக் கூத்தப்பெருமான் ஏற்றருளிய வரலாற்றினைச் சொல்லிக்கொண்டே ஊட்டினால் குழந்தைகள் மறுக்காது உண்பர். திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் விலக்கிய தோழியர், இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் ஒழுகும் பால்சோற்றினை ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். மார்கழி இருபத்தேழாம் நாளாகிய கூடாரவல்லியன்று பச்சரிசி, பாசிப்பருப்பு, பால், வெல்லம், நெய் சேர்த்து அக்காரவடிசில் படைப்பது இதன் நினைவாகவே. காத்திருந்து பெறும் இனிப்பின் சுவையை அன்று குழந்தைகள் அறிவர். வெண்பொங்கலை எண்ணியே திருக்கோயிலுக்கு வரும் பிள்ளையையும் குறைவாக எண்ண வேண்டா; வந்த கால்கள் மீண்டும் வரும்.

பெற்றோர் கருத்திற்கு

குழந்தைகளைக் கட்டாயப்படுத்தி எழுப்புதல் வேண்டா. முன்னிரவில் நேரத்தோடு உறங்கச் செய்தால் காலையில் எளிதில் எழுவர். வெந்நீரில் நீராட்டி, தலை துவட்டி, காதுகளை மூடி அழைத்துச் செல்க. மார்கழி விடியலில் ஓசோன் மிகுந்திருப்பதால் உடலுக்கு நலம் என்று கூறப்படுவது அறிவியலுக்கு ஒவ்வாதது. தரைமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் அது மூச்சுக்குத் தீங்கே செய்யும். குளிர்காலத்தில் புகை மேலெழாது தாழத் தங்குமாதலின், இளைப்பு நோயுள்ள குழந்தைகளைப் பனி விலகிய பின்னர் அழைத்து வருவதே நன்று. வாயிலில் விளக்கேற்றும்போது குழந்தைகளின் ஆடையிலும், தெருவில் கோலமிடும்போது வாகனங்களின் மீதும் கண் இருத்தல் வேண்டும். நாள்தோறும் இயலாவிடினும் வாரம் ஒருநாள் போதும். அந்த ஒருநாள் மகிழ்ச்சியாக இருத்தலே முதன்மையானது.

எல்லோரும் வந்துவிட்டார்களா என்று தோழியர் கேட்ட கேள்வி, மார்கழி தோறும் ஒவ்வொரு திருக்கோயில் வாயிலிலும் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் கேட்கின்றது. நாமும் எண்ணிப் பார்ப்போம். தாத்தாவும் பாட்டியும் உள்ளனர். தாயும் தந்தையும் உள்ளனர். கையில் மாவோடும் கண்ணில் உறக்கத்தோடும் நிற்கும் அச்சிறு உருவமும் அருகில் இருந்தால் எண்ணிக்கை நிறைந்தது. அவ்வாறு நிறைந்த குடும்பங்களாக வந்து வழிபட்டு, அன்பர்கள் அனைவரும் இறையருள் பெற்று இன்புறுவார்களாக.