கைச்சக்கரம்

நீரின் மேற்பரப்பிற் செல்லும் கப்பலைத் திருப்புதற்குச் சுக்கான் போதும். நீர்மூழ்கிக் கப்பலோ இடமும் வலமும் திரும்புவதன்றி, ஆழ்ந்து செல்லவும் மேலெழவும் வேண்டும். ஆதலின், மீனின் துடுப்புகளைப் போன்ற கிடைத்தகடுகள் அதன் முன்புறத்திலும் பின்புறத்திலும் அமைந்துள்ளன.

இரண்டாம் உலகப்போரில் ஈடுபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் சுக்கானையும் தகடுகளையும் மின்பொறிகள் இயக்கின. மாலுமி பொத்தானை அழுத்தினாற் போதும். எனினும், பகைவர் எறியும் நீரடி வெடிகளின் அதிர்ச்சியால் மின்சாரம் தடைப்பட்டால் என் செய்வது? அதற்காகவே, தகடுகளைச் சாய்க்கும் பெரிய கைச்சக்கரங்கள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தன. சுக்கானைக் கையால் திருப்பும் கருவியோ கப்பலின் பின்கோடி அறையில் இருந்தது. அதன் அருமை வெளிப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1944 ஜூன் 4-ஆம் நாள், மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், அமெரிக்கக் கப்பல்கள் யூ-505 என்னும் நீர்மூழ்கியைத் தாக்கின. அது மேலெழுந்தது; மாலுமிகள் கடலிற் குதித்தனர். சுக்கான் வலப்புறம் சிக்கிக்கொண்டமையால், ஆளற்ற அக்கப்பல் வட்டமிட்டுச் சுழன்றுகொண்டே இருந்தது. ஆல்பர்ட் டேவிட் என்பவர் தலைமையிற் சிலர் படகில் துரத்திச் சென்று அதனுள் இறங்கினர். உள்ளே புகுந்துகொண்டிருந்த நீரை அடைத்தனர். பொறிகளை நிறுத்தினாலோ கப்பலின் பின்புறம் ஆழ்ந்தது. ஆகவே மீண்டும் ஓடவிட்டனர். துணைக்கு அருகில் வந்த பில்ஸ்பரி என்னும் போர்க்கப்பலின் பக்கத்தை நீர்மூழ்கியின் கிடைத்தகடு கிழித்துவிட்டது!

பின்னர், குவாடல்கனால் என்னும் பெரிய கப்பல் அதனை வடத்தாற் கட்டி இழுத்தது. கோணிய சுக்கான் அதனை வலப்புறமே இழுத்துச் சென்றது. பின்கோடி அறைக்குச் செல்லலாமெனின், அதன் கதவை மறித்தவாறு மின்பெட்டி ஒன்றன் மூடி திறந்து கிடந்தது. மூடியை அசைத்தால் வெடிக்குமோ என ஐயுற்றனர். படைத்தலைவர் டேனியல் கேலரி தாமே வந்து ஆராய்ந்தார்; மெல்ல அதனை மூடினார்; ஒன்றும் நிகழவில்லை. கதவைத் திறந்து உட்புகுந்தோர் கைக்கருவியை இயக்கவே, சுக்கான் நேரானது. கைப்பற்றியோரின் பின்னே அக்கப்பல் ஒழுங்காகச் சென்றது. ஜூன் 19-இல் பெர்முடாத் தீவை அடைந்த அது, 1954 முதல் சிக்காகோ நகரத்துக் காட்சியகத்தில் இருந்துவருகிறது.