தேடி முடித்தாயிற்றா?

வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது. நான்கு பேர் நான்கு அறைகளில் தேடுகிறீர்கள். சாவி அகப்பட்டால் உடனே கூவிச் சொல்லிவிடலாம். ஆனால் “சாவி வீட்டில் இல்லவே இல்லை” என்று எப்போது சொல்வது? நால்வரும் தேடி முடித்த பிறகுதானே! முடித்துவிட்டார்களா என்று அறிவது எளிது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். நான் எழுதிய கணிப்பொறி நிரல் ஒன்று எனக்குப் பாடம் கற்பித்தது.

சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை, ஒன்றையொன்று வெட்டாதவாறு வைக்க வேண்டும். 1848-இல் மாக்ஸ் பெஸ்ஸெல் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட புதிர் இது. 64 கட்டங்களில் எட்டைத் தேர்ந்தெடுக்க 442 கோடிக்கும் அதிகமான வழிகள் உண்டு. அவற்றுள் சரியானவை 92 மட்டுமே.

இக்காலக் கணிப்பொறியில் ஒரே சில்லுக்குள் பல செயலகங்கள் இருக்கின்றன. நான்கு செயலகங்களுக்கு இந்தத் தேடலைப் பங்கிட்டுக் கொடுத்தேன். இதற்கு இணைநிலைக் கணிப்பு என்று பெயர். ஆனால் பங்குகள் ஒரே அளவாக அமைவதில்லை. முதல் வரிசையின் மூலையில் ராணியை வைத்துத் தொடங்கினால் 4 விடைகள்தாம். நான்காம் கட்டத்தில் தொடங்கினால் 18. ஆகவே, சும்மா இருக்கும் செயலகத்துக்கு, வேலை மிகுந்த செயலகம் தன் பங்கில் ஒரு பகுதியைக் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு செய்தேன்.

எப்போது நிறுத்துவது? 1, 2, 3, 4 என்று வரிசையாக “வேலை இருக்கிறதா?” என்று நிரல் கேட்கும். நான்கும் “இல்லை” என்றால் தேடல் முடிந்தது.

நிரலை ஓடவிட்டேன். விடை 92. மறுபடி ஓடவிட்டேன். 87! அடுத்து 92, பிறகு 90. ஒவ்வோர் அடியையும் திரையில் எழுதிக் காட்டுமாறு ஆணைகளைச் சேர்த்தேன். பிழை மறைந்தே போயிற்று! எழுதும் வேலை, செயலகங்களின் வேகத்தை மாற்றிவிட்டதே காரணம். சிறிதளவு வெந்நீரில் வைத்த குளிர்ந்த வெப்பமானி, தான் அளக்க வந்த வெப்பநிலையையே சற்றுக் குறைத்துவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான்.

கடைசியில் காகிதமும் பென்சிலும்தான் கைகொடுத்தன. முதல் செயலகம் “வேலை இல்லை” என்கிறது, உண்மைதான். உடனே மூன்றாவது செயலகம் அதற்குக் கொஞ்சம் வேலை கொடுத்துவிட்டு, தன் வேலையை முடித்துக்கொள்கிறது. பின்பு 2, 3, 4 ஆகியவையும் “இல்லை” என்கின்றன. நான்கு பதில்களும் உண்மை. ஆனால் அவை ஒரே கணத்து உண்மைகள் அல்ல! முதல் செயலகம் மும்முரமாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே நிரல் நின்றுவிடுகிறது.

இதற்கு மாற்று வழியை நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா, சக அறிஞர் இருவருடன் சேர்ந்து 1983-இல் வெளியிட்டார். செயலகங்கள் வட்டமாக நிற்பதாகக் கொள்ளுங்கள். முதல் செயலகம் வேலை முடிந்ததும் வெள்ளை அட்டை ஒன்றைச் சுற்றுக்கு விடுகிறது. வேலை முடித்தவர் மட்டுமே அட்டையை அடுத்தவருக்குத் தரலாம். பிறருக்கு வேலை கொடுத்தவர் அட்டையைக் கறுப்பாக்கித் தர வேண்டும். கொடுத்த வேலை உரியவரிடம் போய்ச் சேர்ந்த பிறகே அட்டை நகரலாம். கறுப்பு அட்டை திரும்பி வந்தால், மீண்டும் ஒரு சுற்று. வெள்ளையாகவே திரும்பி, முதல் செயலகமும் இடையில் யாருக்கும் வேலை கொடுக்காமல் ஓய்ந்திருந்தால்தான் தேடல் முடிந்தது. இப்படி மாற்றிய பின், எத்தனை முறை ஓடவிட்டாலும் 92தான்.

சரியான விடை முன்பே தெரிந்ததால் நான் தப்பினேன். யாரும் விடை காணாத புதிராக இருந்து, முதல் ஓட்டத்திலேயே 87 வந்திருந்தால்? அதையே நம்பியிருப்பேன்! “தேடினோம், இல்லை” என்று யாராவது சொன்னால், “தேடி முடித்ததை எப்படி அறிந்தீர்கள்?” என்று கேட்கத் தயங்காதீர்கள்.

நீங்களும் நண்பர்கள் மூவரைச் சேர்த்துக்கொண்டு, 16 கட்டப் பலகையில் நான்கு ராணிகளை வைத்துப் பாருங்கள். முதல் வரிசையில் ஆளுக்கொரு கட்டத்திலிருந்து தொடங்குங்கள். மொத்தம் 2 விடைகள்தாம். யார் யாருக்குக் கிடைக்கின்றன? அட்டையைச் சுற்றுக்கு விட மறக்காதீர்கள்!