தாத்தாவின் ஸ்டூடியோ படம் யாருக்குச் சொந்தம்?

நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் நின்றபடி பாட்டி, பின்னால் மாளிகையோ பூந்தோட்டமோ வரைந்த திரை. அட்டையின் மூலையில் ஸ்டூடியோவின் பெயர். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு படம் இருக்கும். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இருப்பதில் நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, டவுனுக்கு பஸ் ஏறி வந்து எடுத்துக்கொண்ட படம். பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருக்கும். பேரப்பிள்ளைகளோ பத்துப் பதினைந்து பேர். எல்லாருக்கும் ஒன்று வேண்டும். வீட்டில் ஸ்கேனரும் இருக்கிறது. ஸ்கேன் செய்யலாமா?

இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்கர்கள் எழுதிய பதில்தான். “கூடாது, படம் எடுத்தவரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும்” என்பார்கள். அவர்கள் நாட்டுக்கு அது சரி. அங்கே காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டாலும் பதிப்புரிமை பொதுவாகப் புகைப்படக்காரரிடமே தங்கிவிடும். அனுமதிக் கடிதம் இல்லாமல் ஸ்டூடியோ படத்தை நகலெடுத்துத் தர மறுக்கும் கடைகளும் அங்கே உண்டு. அதையே நம் நாட்டுச் சட்டம் என்று நினைத்துக்கொண்டு பெட்டியை மூடி வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. அதன் 26ஆவது பிரிவின்படி, பதிப்புரிமை முதலில் படைத்தவருக்கே. ஆனால் இன்னொருவர் ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பாக இருந்தால், அந்த உரிமை ஆர்டர் கொடுத்தவருக்கு மாறியதாகக் கருதப்படும். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் மட்டும் இது பொருந்தாது. பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, காசுக்கு ஆர்டர் கொடுத்து எடுத்த படத்தின் உரிமை ஆர்டர் கொடுத்தவருக்குத்தான் என்ற விதி இருந்தது. ஆக, தாத்தா போய்க் கேட்டு எடுத்த படம் என்றால் உரிமை தாத்தாவுடையது. அவருக்குப் பின் வாரிசுகளுடையது. வாரிசுகள் என்றால் எல்லாரும்தான். ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் அல்ல!

இந்த விதி எல்லா நாட்டிலும் ஒன்றாக இல்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய நம்மைப் போலவே சொல்கிறது. பிரிட்டன் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமையைப் புகைப்படக்காரர் பக்கம் மாற்றியது. சிங்கப்பூரிலும் 2021 நவம்பர் 21 முதல், ஒப்பந்தம் வேறாக இல்லாத வரை, ஆர்டர் கொடுத்து எடுத்த படத்துக்கும் எடுத்தவரே உரிமையாளர். ஜொகூர் பாருவில் எடுத்த குடும்பப் படத்துக்கு ஒரு விதி, பாலத்தைத் தாண்டி எடுத்ததற்கு வேறொரு விதி.

நம் சட்டம் நமக்குச் சாதகம் என்று இங்கேயே நிறுத்திக்கொள்ள முடியாது. “ஒப்பந்தம் இருந்தால்” என்ற அந்த ஒரு வரிதான் இன்றைய தலைமுறைக்கு முக்கியம். திருமணத்துக்கும் தீபாவளிக்கும் இப்போது பேக்கேஜ் எடுக்கிறோம். முன்பணம் கட்டும்போது கையெழுத்துப் போடும் தாளில் ‘ஹக் சிப்தா’ என்று ஒரு வரி இருந்தால் அதை நின்று படியுங்கள். உரிமை அவரிடமே என்று அதில் இருந்தால் விதி தலைகீழாகிவிடும். கூடுதல் பிரதியை அவரிடமே வாங்க வேண்டும்.

இன்னொரு கேள்வி, ஆர்டர் கொடுத்தது யார் என்பது. வகுப்புப் படத்துக்குப் புகைப்படக்காரரை அழைத்தது பள்ளி. பட்டமளிப்பு மேடையில் படம் எடுக்க ஏற்பாடு செய்வது பல்கலைக்கழகம். அங்கே நாம் ஒரு பிரதியை விலைக்கு வாங்குகிறோம், அவ்வளவுதான். காகிதம் நமக்குச் சொந்தமாவதால் பதிப்புரிமையும் கூடவே வந்துவிடாது. முன்னோட்டத்துக்காக அனுப்பும் நீர்க்குறி போட்ட படத்தைத் திரையிலிருந்து பிடித்து, குறியை அழித்து முகநூலில் போடுவதை ‘என் முகம்தானே’ என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது என்பது என் கருத்து. அந்தப் பிரதிகளை விற்றுத்தான் அவருக்கு வருமானம்.

உரிமை நம்முடையதாகவே இருந்தாலும் எடுத்தவரின் பெயர் அழிந்துவிடக் கூடாது. 25ஆவது பிரிவு படைத்தவரின் தார்மிக உரிமையைப் பேசுகிறது. படைப்பை வெளியிடும்போது அவர் பெயர் இருக்க வேண்டும். அவர் மதிப்பைக் கெடுக்கும் அளவுக்கு அதைச் சிதைக்கவும் கூடாது. ஆகவே ஸ்கேன் செய்யும்போது ஸ்டூடியோ முத்திரையை வெட்டாமல் முழு அட்டையையும் எடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் வண்ணம் ஏற்றினால் அதைத் தனிக் கோப்பாக வையுங்கள். அந்தச் சேலை பச்சையா சிவப்பா என்று செயலிக்கு எப்படித் தெரியும்?

வேலை கடினமானதல்ல. படத்தை உள்ளே இழுக்கும் இயந்திரம் வேண்டாம், கண்ணாடித் தட்டு உள்ள ஸ்கேனர்தான் சரி. தபால் அட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ போதும். மூலக் கோப்பை டிஃப் வடிவில் சேமித்துவிட்டு, உறவினர்களுக்கு ஜேபெக் அனுப்பலாம். புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஈரக் காற்றில் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களைப் பிய்த்து எடுக்கவே கூடாது. முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்யலாம். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், தேதியும் ஊரும் அங்கேதான் இருக்கும்.

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடி மின்னுருவாக்கியது. அந்தத் திட்டத்தின் விதிப்படி மூலப்படங்கள் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. மின் நகல்கள்தான் போகும்.

நம் ஊரில் படம் எடுத்த ஸ்டூடியோ இன்னும் திறந்திருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். பதிப்புரிமை குடும்பத்திடம் இருந்தாலும் நெகட்டிவ் என்ற பொருள் கடைக்காரரிடம் இருக்கலாம். அதிலிருந்து எடுக்கும் ஸ்கேன் காகிதப் பிரதியைவிடத் தெளிவாக வரும். பாட்டியையும் கூட அழைத்துச் செல்லுங்கள். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்று அவருக்குத்தான் தெரியும்.